பேராயர் ரொமேரோ சுடப்பட்ட பலிபீடம், சான் சால்வடோர்

1977-இல் எல் சால்வடோர் தலைநகரின் பேராயரானபோது பழமைவாதியாகவே கருதப்பட்ட ஆஸ்கர் ரொமேரோ, ஏழை உழவரிடையே பணியாற்றிய நண்பரும் இயேசு சபைக் குருவுமான ருத்திலியோ கிராந்தே அவ்வாண்டு மார்ச்சில் கொல்லப்பட்ட பின்னர், கொலையுண்டோர், காணாமற்போனோர் பற்றிய விவரங்களை மறையுரையில், அதாவது திருப்பலியில் இறைவாக்கை விளக்கும் உரையில், ஞாயிறுதோறும் எடுத்துரைக்க, மறைமாவட்ட வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பியது. மக்களைக் கொல்லச் சொல்லும் ஆணைக்குப் படைவீரர் பணியத் தேவையில்லை என்று 1980 மார்ச் 23 அன்று அறிவித்தவர், மறுநாள் மாலை, புற்றுநோயாளிகளுக்கான இம்மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாழ்ந்ததும் மாளிகையில் அன்று, இவ்வளாகத்துச் சிறு வீட்டில்தான். ஆணையிட்டவர் முன்னாள் இராணுவ அதிகாரி ரொபெர்த்தோ தாபுய்சோன் என ஐ.நா. உண்மை ஆணையம் 1993-இல் முடிவுசெய்தது. ரொமேரோவுக்குப் புனிதர் பட்டம் 2018-இல் வழங்கப்பட்டது.