குசினியை ஆர் கூட்டுறது?

போன கிழமை மாமியிட்ட மெல்லமாக் கதையை விட்டன். "கம்பசில ரூம் எடுக்கலாம் எண்டு யோசிக்கிறன் மாமி. பெரிய மாடிக் கட்டடம். லிஃப்ட்டில இறங்கினா வகுப்பு." மாமி கறியைக் கிண்டினபடியே, "போ ராசா. ஆனா அங்க குசினியை ஆர் கூட்டுறது எண்டு கேட்டிட்டுப் போ" எண்டா.

யூனியன்வில்லில் இருந்து கோ ரயில், பிறகு சப்வே. மாசி மாதக் குளிரில் அது ஒரு தவம். போகவேண்டும் என்ற ஆசை வராமல் என்ன செய்யும்?

நான் இறங்கும் செயின்ட் ஜோர்ஜ் ஸ்டேஷனுக்குக் கிட்ட, புளோர் வீதியில் 18 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. இப்போது முதியோர் குடியிருப்பு. ஒரு காலத்தில் அதுதான் ரோச்டேல் கல்லூரி. மாணவர் கூட்டுறவு ஒன்றின் முயற்சியால் 1968-ல் திறந்தது. 1844-ல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் நினைவாக அந்தப் பெயர். எங்கட ஊர்ச் சங்கக்கடைக்கும் பூட்டன் அந்தக் கடைதான்!

800 பேருக்கு மேல் இருந்தார்கள். பரீட்சை கிடையாது, எல்லாம் மாணவர்களே தீர்மானிப்பது. கூட்டாகச் சமைத்து வாழும் பகுதிகளுக்கு 'ஆசிரமம்' என்று பெயர். 25 டொலரும் ஒரு கேள்விக்குப் பதிலும் கொடுத்தால் பி.ஏ. பட்டம். 100 டொலர் கொடுத்தால் கேள்வியே இல்லாமல் பி.எச்.டி! எல்லாம் பகிடியும் இல்லை. தியேட்டர் பாஸ் முரை என்ற நாடகக் குழு அங்கேதான் பிறந்தது.

ஆனால் எல்லாருக்கும் திறந்த கதவால் போதைப்பொருள் விற்கிறவனும் வந்தான். வாடகை ஒழுங்காகச் சேரவில்லை. கட்டடக் கடன் கட்டுப்படவில்லை. 1975 மே மாதக் கடைசியில் மிஞ்சியிருந்தவர்களைப் பொலிஸ் தூக்கி வெளியே விட்டது. கதவுகளை வெல்டிங் பிடித்து மூடினார்கள். ஏழே வருசம்.

வாசலில் 'அறியப்படாத மாணவன்' என்ற வெண்கலச் சிலை இன்றும் இருக்கிறது. நேற்று அதைத் தாண்டிப் போகும்போது மாமியின் கேள்விதான் ஞாபகம் வந்தது. சுதந்திரம் எல்லாருக்கும் வேணும். வாளியும் தும்புத்தடியும் ஆருக்கு?

அதைவிட ஒன்று உறைத்தது. இரண்டு வருசமா இந்த வீட்டில் சாப்பிடுகிறேன். குசினியை ஒருநாளும் நான் கூட்டினதில்லை.

இண்டைக்கு இரவு கூட்டினன். மாமி ஒண்டும் சொல்லேல்லை. ரூமுக்கான விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது. நிரப்பத்தான் போகிறேன், கொஞ்ச நாள் கூட்டிப் பழகினபிறகு.