துளை போடும் முன் சுவரைப் படியுங்கள்

டி.வி. மாட்ட நாலு துளை. சமையலறை அலமாரிகளுக்கு இருபது, முப்பது. கார்பெண்டர் டிரில்லிங் மெஷினைச் சுவரில் வைக்கும்போது, உள்ளே என்ன ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வயரிங் செய்த எலக்ட்ரீசியன். அவரோ பூச்சு வேலை முடிந்ததுமே அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார்.

மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஒயர் ஓடிய பழைய வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. பார்க்க அழகில்லைதான், ஆனால் ஒயர் போகும் வழி கண்ணெதிரே இருந்தது. இப்போது எல்லாமே 'கன்சீல்டு'. கூரைக்கு கான்கிரீட் போடும்போதே பிவிசி பைப்பைப் பதித்து, அங்கிருந்து சுவரில் காடி வெட்டி சுவிட்ச் போர்டுக்கு இறக்குகிறார்கள். ஸ்க்ரூவுக்குப் போடும் துளை அந்தப் பைப்பை எட்டிவிடும்.

ஆகவே சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் டிரில் போகக் கூடாது. இரண்டு பிளக் பாயின்ட்டுகளுக்கு இடைப்பட்ட நேர்கோடும் அப்படியே. குளியலறையில் ஷவருக்கும் அதன் கீழுள்ள குழாய்க்கும் நடுவில், கீஸர் பாயின்ட்டுகளிலிருந்து கீழிறங்கும் வழியில், தண்ணீர் பைப் இருக்கும். இவ்வளவும் ஒழுங்காக வேலை செய்தவர் வீட்டுக்குத்தான் பொருந்தும். பைப்பை மிச்சம் பிடிக்கக் குறுக்காகக் காடி வெட்டிய புண்ணியவான்களும் உண்டு.

டிரில் பட்டதும் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அது நல்ல காலம். சில நேரம் ஸ்க்ரூவே பைப்பின் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு துருப்பிடித்து, இளகி, சொட்டுச் சொட்டாகக் கசிந்து, கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காட்டும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஒயரும் அப்படித்தான். மேலுறை மட்டும் கிழிந்தால் அன்றைக்கு விளக்கு எரியும், ஃபேன் ஓடும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறும்போது மின்சாரம் கசியத் தொடங்கும். இதை எம்சிபி கண்டுகொள்ளாது. அதன் வேலை ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பார்ப்பது. கசிவைப் பிடித்து மின்சாரத்தை வெட்டுவது ஆர்சிசிபி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை போடுவார்கள். அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை வேலை தொடங்கும் முன் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

மெயினை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் அணைந்த மறுநொடி பேட்டரியிலிருந்து 230 வோல்ட் அதே சுவருக்குள் வந்துவிடும். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும்.

சுவருக்குள் இருப்பதைக் காட்டும் டிடெக்டர் கருவிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. சாதாரண ரகங்கள் இரும்பு, செம்பு, மின்சாரம் ஓடும் ஒயர் ஆகியவற்றைக் காட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பைப்பைப் பெரும்பாலும் காட்டாது. மின்சாரம் ஓடினால்தான் ஒயரைக் காட்டும் என்பதால், தேடும்போது மின்சாரம் இருக்கட்டும், துளை போடும்போது அந்தச் சுவருக்கு மின்சாரம் வரக் கூடாது.

தெருவைத் தோண்டுகிறவர்கள் அங்கே கேபிள் புதைத்து வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதற்கென்று மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியே கொண்டுவந்தது. வீட்டுச் சுவருக்கு அப்படி எதுவும் இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள், அல்லது குளியலறையை உடைத்துப் புதுப்பிக்கிறவர்கள், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்பது படத்தில் தெரிய வேண்டும்.

அப்படியும் தண்ணீர் பைப்பில் பட்டுவிட்டால், டிரில் பிட்டைப் பதற்றத்தில் உருவ வேண்டாம். முதலில் டிரில்லின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாடியில் கேட் வால்வை மூடிய பிறகு உருவலாம். ஒயரில் பட்டால் டேப் சுற்றிப் பூசி மறைப்பது ஆகாது. பாக்ஸுக்கு பாக்ஸ் புது ஒயர் இழுக்க வேண்டும், பைப் உடைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தண்ணீர் பைப்பில் அடிபட்ட துண்டை வெட்டியெடுத்து, கப்ளிங் போட்டு ஒட்டுவார்கள். அந்தப் பசை நன்றாகக் காய்ந்து, தண்ணீரைத் திறந்து கசிவு இல்லையென்று பார்க்கும்வரை, டைல்ஸ் ஒட்ட அவசரப்படும் கொத்தனாரை வீட்டுக்காரர்தான் நிறுத்தி வைக்க வேண்டும்.