பழைய வண்டியில் ஊருக்குப் போகிறீர்களா?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நம் சங்க அன்பர் ஒருவர் தாம் புதிதாக வாங்கிய பழைய வண்டியைக் காட்டுவதற்காக என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. 2014 மாடல். மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர். "ஒரு கீறல் கூட இல்லை பாருங்க சார். மே மாசம் குடும்பத்தோட தஞ்சாவூருக்கு இதிலதான் போகப் போறோம்" என்றார். வண்டி பளபளவென்றுதான் இருந்தது. "பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது?" என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, 2022-ஆம் ஆண்டு மே மாதம் தொப்பூர் மலைப்பாதையில் நான் நின்ற நிலை நினைவுக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். புனேயிலிருந்து ஊருக்குக் காரில் போகும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். புது வண்டி விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளை வாங்கி ஓட்டுகிறவர்களும் அதிகம்.

நான் டிப்ளமோ முடித்த கையோடு ரயில்வேயில் சேர்ந்து, வேலைக் காலத்தின் பெரும்பகுதியை டீசல் ஷெட்டில் கழித்தவன். அங்கே என்ஜின் கெட்டுப்போன பிறகு ஷெட்டுக்கு வருவது அவமானம். தேதி வந்தால் வரவேண்டும்; நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வரவேண்டும். பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத் திறன் கொண்ட பழைய டபிள்யூ.டி.எம்.-2 என்ஜின்களின் ஆயிலை அவ்வப்போது சிறு புட்டியில் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்த்து, உள்ளே எந்தப் பகுதி தேய்கிறது என்பதை என்ஜினைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள். பெரிய ஓவர்ஹாலின்போது 'மஸ்ட் சேஞ்ச்' என்று ஒரு பட்டியல் உண்டு. ரப்பர் வளையம், கேஸ்கட், சில ஹோஸ்கள் இவையெல்லாம் அதில் இருக்கும். பார்ப்பதற்குப் புதிது போல் இருந்தாலும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட வேண்டும். "நல்லாத்தானே இருக்கு" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இத்தனையும் தெரிந்த நானே என் மகன் வாங்கிய வண்டியில் கோட்டை விட்டேன்.

2021-இல் அவன் வாங்கியது 2012 மாடல், டீசல் என்ஜின். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். குற்றம் கம்பெனியுடையது அல்ல. மீட்டர் காட்டியது 1,09,000. எனக்கு அப்போதே சந்தேகம். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடம் மினுமினுத்தது. லட்சம் கிலோமீட்டரில் பெடல் இவ்வளவு தேயாது. வண்டியின் நம்பரைச் சொல்லி, முன்பு சர்வீஸ் செய்த ஒர்க்‌ஷாப்பில் பழைய பதிவுகளைக் கேட்டோம். 2018-இல் கடைசியாக வந்தபோதே 1,47,000 ஓடியிருக்கிறது! யாரோ மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். விற்றவரிடம் இதைக் காட்டி விலையைக் குறைத்தான் பையன். இந்த ஒரு காரியத்தை வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பாதிப் பொய் அங்கேயே வெளுத்துவிடும்.

நான் என் வழக்கப்படி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஆயில் மாற்றினோம். பழைய ஆயிலைத் தட்டில் பிடித்து, வெயிலில் சாய்த்து, உலோகத் துகள் மினுக்குகிறதா என்று பார்த்தேன். லேப் இல்லாதவன் செய்யக்கூடியது அவ்வளவுதான். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றினோம். டயரின் பக்கவாட்டில் தேதியைப் படித்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்த இரண்டு டயர்களுக்கு வயது ஏழு. இரண்டையும் மாற்றச் சொன்னேன். பிரேக் பேடு, பின்சக்கர லைனர் எல்லாம் பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன். மேல்கோடு வரை இருந்தது. நோட்டில் 'பிரேக் ஆயில் - சரி' என்று எழுதி ஒரு டிக் போட்டேன்.

அந்த டிக்தான் எங்களைத் தொப்பூரில் நிறுத்தியது.

ரயில்வே பாஸ் வைத்திருப்பவன் ஏன் காரில் போனான் என்று சிலர் சிரிக்கலாம். பாஸ் இருந்தால் போதுமா, மே மாதத்தில் பெர்த் கிடைக்க வேண்டாமா? மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், நான், என் மனைவி, ஊரில் இறங்க வேண்டிய சம்பந்தி அம்மாள் என்று ஏழு பேர். மேலே கேரியரில் மூட்டைகள். கோலாப்பூர், பெலகாவி, ஹுப்பள்ளி வழியாகப் பெங்களூர் போய் ஓர் இரவு தங்கி, மறுநாள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி, உச்சி வெயிலில் தொப்பூர் இறக்கத்துக்கு வந்தோம். சேலம் பக்கம் போகிறவர்களுக்கு அது நீண்ட இறக்கம், வளைவுகளும் உண்டு. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளால் எத்தனையோ விபத்துகளைப் பார்த்த இடம் அது. பையன் ஐந்தாவது கியரிலேயே, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தியபடி இறங்கினான். நான் முன்சீட்டில் லேசாகக் கண்ணயர்ந்துவிட்டேன்.

"அப்பா, பிரேக் பஞ்சு மாதிரி உள்ள போகுது" என்றான். குரலிலேயே தெரிந்தது. "கியரைக் குறைடா. நாலு, மூணு, ஒண்ணொண்ணா. பெடலை விட்டு விட்டுப் பம்ப் பண்ணு" என்றேன். மூன்றாவது விழுந்ததும் என்ஜின் கத்தியது, வேகம் மட்டுப்பட்டது. முன்னால் சிமெண்ட் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது கியருக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்தில் மண் மேட்டில் ஏற்றி நிறுத்தினான். பின்சீட்டில் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தி அம்மாள் முருகன் பெயரைச் சொல்வதை நிறுத்தவேயில்லை.

ஒரு மணி நேரம் நின்றோம். சக்கரங்கள் ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது! அதைப் பார்த்ததும் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது, வெட்கமும் வந்தது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே அல்ல. கிளைகால் வகையைச் சேர்ந்த திரவம். காற்றில் உள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் புகும். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்த நிலையில், தாங்க வேண்டிய அளவு 155 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. டாட் 3 என்றால் 205, ஈரம் கலந்தால் 140. ஏழு பேரோடும் மூட்டைகளோடும் மலையிறங்கும் வண்டியில், பிரேக் பேடுக்குப் பின்னால் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. திரவம் கொதித்தால் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. குமிழி அமுங்கிவிடும். கால் தரைவரை போகும், சக்கரம் நிற்காது. ஆறினால் குமிழி மறைந்து, ஒன்றுமே நடக்காதது போல் பெடல் எழுந்து நிற்கும். டப்பாவில் அளவு மட்டும் எப்போதும் சரியாகவே இருக்கும்.

மெதுவாகச் சேலம் போய் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். நிப்பிளைத் திறந்ததும் வந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. வண்டி பிறந்த நாள் முதல் யாரும் மாற்றவில்லை என்றே நினைக்கிறேன். நான்கு சக்கரத்திலும் தெளிந்த திரவம் வரும்வரை இறக்கி மாற்றினார். ஆன செலவு சில நூறு ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பல வண்டிகளில் கிளட்சுக்கும் இதே திரவம்தான். அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன்: வண்டி நம் கைக்கு வந்த தேதிதான் பூஜ்யம். முன் சொந்தக்காரர் மாற்றினேன் என்று சொல்வது, ரசீது இருந்தால் ஒழிய, கணக்கில் சேராது. கண்ணுக்குத் தெரியாமல் கிழடு தட்டும் பொருள்கள் எல்லாவற்றையும் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றிவிடுவது.

அவற்றில் முதலாவது டைமிங் பெல்ட். எல்லா வண்டியிலும் பெல்ட் இல்லை. சிலவற்றில் செயின் இருக்கும். இன்னோவாவையே எடுத்துக்கொண்டால், 2005 முதல் வந்த பழைய 2.5 லிட்டர் டீசலில் பெல்ட், 2016-இல் வந்த கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசலில் செயின். பெல்ட் வண்டியை வாங்கினால் மீட்டரை நம்பி 'இன்னும் காலம் இருக்கிறது' என்று கணக்குப் போடாதீர்கள். மீட்டரைத் திருப்பி வைத்தவன் உங்கள் பெல்ட்டின் வயதையும் திருப்பி வைத்துவிட்டான். அது அறுந்தால் முன்னறிவிப்பு கிடையாது. வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் பேரிங்குகளையும் மாற்ற வேண்டும். பெல்ட் புதிது, பேரிங் பழையது என்றால் பாதி வேலைதான்.

அடுத்தது கூலண்ட். பச்சையோ சிவப்போ, நிறம் இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். அதிலுள்ள துருத் தடுப்பு மருந்து ஆண்டுகள் போகப் போகத் தீர்ந்துபோகும். நம் காலனிகளின் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். கூலண்ட் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கல் போல் இருந்தாலும், பிசுபிசுவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். எங்கும் ஒழுகாமல் கூலண்ட் குறைந்துகொண்டே போனால், ஊருக்குப் போகும் எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் மெக்கானிக்குகளே மறப்பது கிரவுன் ஆயிலும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிராசுக்குக் கிரீஸும். கியர் போடும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு தட்டல் கேட்டால் முதலில் அங்கே பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை வடித்துவிடுவது நல்லது. இன்றைய டீசல் இன்ஜெக்டர்களுக்குத் தண்ணீர் விஷம்.

இன்னொரு பழக்கம் ரயில்வேயிலிருந்து வந்தது. அந்த நாளில் வண்டி ஸ்டேஷனில் நின்றதும் கேரேஜ் ஆட்கள் இறங்கி ஆக்ஸில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவார்கள். சூடு அதிகமாக இருந்தால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். இப்போது அதற்குக் கருவி வந்துவிட்டது. நான் டீ குடிக்க நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். தொடுவதில்லை, சுட்டுவிடும். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு, பின்சக்கரம் இரண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. 2023-இல் சித்ரதுர்கா அருகே இப்படித்தான் இடது பின்சக்கரத்தில் லைனர் சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்தோம். என் மருமகளுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது எனக்கு முன்னால் அவள் இறங்கிப் பார்க்கிறாள்.

டயர் காற்றை வீட்டிலிருந்து கிளம்பும்போதே, டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். தனியாக ஓட்டும்போது வைக்கும் காற்று, ஏழு பேருக்குப் போதாது. ஸ்டெப்னியை மறக்காதீர்கள். எங்கள் ஸ்டெப்னியின் தேதி 2012. வண்டியோடு பிறந்தது, ஒரு நாளும் தரையைத் தொடாதது, ஆனாலும் ரப்பர் வெடித்திருந்தது.

இதையெல்லாம் சேர்த்துச் செய்தால் ஒரு தொகை ஆகத்தான் செய்யும். வண்டி வாங்கும்போதே அதற்கென்று பணத்தை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்கு வண்டி தேடுங்கள். ஆடியோ சிஸ்டம், சீட் கவர், அலாய் வீல் எல்லாம் அடுத்த ஆண்டுக்கு. பதினைந்து ஆண்டு முடிகிற வண்டி என்றால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது தகுதிச் சோதனை உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். எங்கள் வண்டிக்கு 2027-இல் அந்த வேளை வருகிறது.

பொங்கல் விழாவில் வண்டி காட்டிய அன்பர் மறுவாரமே தொலைபேசியில் அழைத்தார். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தாராம். "சார், டிக்காஷன் மாதிரி இருக்கு" என்றார். மே மாதத்துக்குள் பெல்ட்டையும் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வண்டியில் வருகிற மற்றவர்களும், கூட்டம் தொடங்க அரை மணி முன்னால் வந்தால் பானெட்டைத் திறந்து சேர்ந்து பார்க்கலாம். டயர் தேதி படிக்க எனக்கு ஒரு டார்ச் விளக்கு மட்டும் கொண்டு வாருங்கள். அந்த எழுத்து மிகச் சிறியது.