சாவி கொடுத்தால் பேசும் கடிகாரம்

கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு காலத்தில் கல்யாணப் பேச்சோடு மாப்பிள்ளையின் கைக்கடிகாரமும் பேசப்பட்டது. 1961-ல் அரசாங்க நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்த பின், அந்த ஆசை சாமானியருக்கும் கைகூடிற்று.

அதன் ‘ஜனதா’வுக்குப் பாட்டரி கிடையாது. சாவி கொடுத்தால் உள்ளேயுள்ள சுருள்வில் இறுகும். அது மெல்ல மெல்ல அவிழ, விநாடிக்கு ஐந்து முறை ‘டிக்’ என்னும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் நின்றுவிடும்.

அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் தீர்மானித்தது. நேரம் பார்க்கக் கைப்பேசியும் வந்துவிட்டது. ஆயினும் தகப்பனாரின் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள் தேனிப் பக்கமும் உண்டு. ஏன்? தகப்பனார் தினமும் செய்த ஒரு காரியத்தை, காலையில் அவர்களும் செய்கிறார்கள் அல்லவா!

பழுது பார்க்கும் தொழிலையும் சிலர் கற்றுக்கொண்டால், பேரனும் சாவி கொடுப்பான்.