கதவுக்கு வெளியே கேட்கும் ரகசியம்

2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியாகவோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எம்.எஸ்சி. முடிக்கலாம் என்றிருந்த பெண்களுக்கு இது பெரிய அடி. அவர்களுடைய வருத்தம் நியாயமானது. தடைக்குப் பின்னாலிருக்கும் கவலையும் நியாயமானதுதான். இன்னொருவரின் துயரத்தைக் கையாளும் தொழிலைப் பாடம் கேட்டு மட்டும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆனால், நேரடிக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் பயிற்சிக் காலத்து மேற்பார்வை ஜூமில் நடப்பதுண்டு. சிக்கல் அங்கேதான். மாணவி ஓர் ஊரில், மேற்பார்வையாளர் வேறோர் ஊரில். இருவரும் பேசிக்கொள்வது அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி. நம்பிக் கொட்டித் தீர்த்த அந்த மனிதருக்குத் தன் கதை எங்கெல்லாம் போகிறது என்று தெரியுமா?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியம் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும், தேவையான அளவுக்குச் சொல்லலாம். பெயரை மறைத்துவிட்டோம் என்று மாணவர்கள் நிம்மதியடைகிறார்கள். சிற்றூரில் பெயரே வேண்டாம். தெருவும் தொழிலும் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். இயர்போன் மேற்பார்வையாளரின் குரலைத்தான் மறைக்கும். ஒரே ஹால் உள்ள வீட்டில் மாணவியின் குரல் எல்லாருக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்பதிவு எத்தனை போன்களில் தங்கும் என்பது அனுப்பியவருக்கே தெரியாது.

மேற்பார்வையாளருக்கும் ஓர் இழப்பு உண்டு. மருத்துவமனையில் அறையை விட்டு வெளியே வருபவரின் முகத்தை அவர் பார்த்துவிடுவார். திரையில் மாணவி சொன்னதே சாட்சி. புதிதாகக் கற்பவர், தான் தடுமாறிய இடத்தைச் சொல்லாமல் விடுவது இயல்பு. திருத்த வேண்டிய இடமும் அதுவே. அதனால்தான் ஆலோசனை உரையாடலைப் பதிவு செய்து கேட்கும் வழக்கம் இருக்கிறது. அதற்குச் சம்மதம் கேட்கும்போது “ரெக்கார்ட் பண்ணலாமா?” என்றால் போதாது. யார் கேட்பார்கள், எங்கே இருக்கும், எப்போது அழிப்போம், மறுத்தாலும் ஆலோசனை நிற்காது என்பதையெல்லாம் ஆலோசனைக்கு வருபவருடைய பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும்.

இரவு பத்து மணிக்கு ஒருவர் “இனி இருக்கப் பிடிக்கவில்லை” என்றால் மாணவி என்ன செய்வாள்? வேறோர் ஊரிலிருக்கும் மேற்பார்வையாளர் போனை எடுக்காவிட்டால்? முதல் ஆளைச் சந்திக்கும் முன்பே இதற்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும்: அவசரத்தில் அழைக்க இரண்டு பேர், அருகிலுள்ள மருத்துவமனை, ஆலோசனைக்கு வருபவரின் உறவினர் ஒருவரின் எண். 14416 என்ற டெலி மானஸ் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

படிப்புக்குக் கட்டணம் கட்டும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. எம்.எஸ்சி. பட்டமோ ஆன்லைன் சான்றிதழோ மட்டும் அந்தத் தகுதியைத் தந்துவிடாது. வாக்களித்த மேற்பார்வை கிடைக்காவிட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதன் முடிவில் திருப்தியில்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஆலோசனைக்குப் போகிறவர்களும் கூச்சப்பட வேண்டாம். “நீங்கள் பயிற்சி மாணவரா? உங்களை மேற்பார்வை செய்பவர் யார்?” என்று முதல் நாளே கேளுங்கள். மனநல நிலையத்தின் சேவையில் குறையிருந்தால் அதன் பொறுப்பாளரிடம் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதன் பிறகு மாநில மனநல ஆணையம். பதிவுக்குத் தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் மனம் மாறினால், அழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.