அம்மா கேட்ட கேள்வி

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவர் ஒருவர் எழுதியது)

அறிவியல் வளர வளர மனிதனுடைய உடலுழைப்பு குறைகிறது. ஆனால் அவன் அறிந்துகொள்ள வேண்டியவை பெருகுகின்றன. இவ்வுண்மையை நான் வகுப்பறையில் கற்கவில்லை. அவிநாசியில் என் அம்மா நடத்தும் இட்லிக் கடையில் கற்றேன்.

புதிய கருவி எது வந்தாலும் அதைப் பிரித்துப் பார்க்கத் துடிப்பவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. ஆகவே கடையில் கியூ.ஆர். அட்டையை ஒட்டியதும், யூ.பி.ஐ. கணக்கைத் தொடங்கியதும் நான்தான். முதல் நாள் ஒருவர் கைபேசியை அட்டைக்கு நேரே காட்டி நாற்பது ரூபாய் செலுத்திவிட்டுப் போனார். அம்மா கல்லாப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அந்த நாப்பது ரூவா இப்ப எங்க இருக்குது?"

"பேங்க்ல இருக்குதும்மா."

"பேங்க்காரங்க யாரும் இங்க வரவேயில்லியே. எப்படிப் போச்சு?"

இயற்பியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்றதன் விளைவே இக்கட்டுரை.

கட்டங்களின் கதை

முதலில் அட்டையை எடுத்துக்கொள்வோம். கோலம் கலைந்தது போலத் தோன்றும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் 1994 ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தவை. டென்சோ என்னும் வாகன உதிரிப்பாக நிறுவனக் குழுமத்தில் பணியாற்றிய மசாஹிரோ ஹாரா என்னும் பொறியாளரும் அவர் குழுவினரும், தொழிற்சாலையில் பாகங்களை விரைவாக அடையாளம் காண்பதற்காக இதனை உருவாக்கினர். மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள், அட்டை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கேமராவுக்குத் திசையைக் காட்டுகின்றன. மற்றக் கட்டங்கள் ஒன்று, பூச்சியம் என்னும் இரண்டு எண்களாலான எழுத்துகள்.

இதில் இன்னொரு வியப்பு உண்டு. கட்டங்களில் ஒரு பகுதி, அழிந்துபோனவற்றைக் கணக்கிட்டு மீட்பதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. மிக உயர்ந்த தரத்தில் அமைத்தால் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்க முடியும். எங்கள் கடை அட்டையின் ஓரத்தில் சாம்பார் தெறித்த பின்னும் அது வேலை செய்வதன் இரகசியம் இதுதான்.

அட்டையில் பணமும் இல்லை, இரகசிய எண்ணும் இல்லை. கடைக்காரரின் யூ.பி.ஐ. முகவரியும் பெயருமே உள்ளன. அதைக் கொண்டு நமக்குப் பணம் அனுப்பலாமேயன்றி, நம்மிடமிருந்து எடுக்க இயலாது. ஆனால் நம் அட்டையின் மேல் வேறொருவர் தம் அட்டையை ஒட்டிவிட்டால் பணம் அவருக்குப் போய்விடும். ஆகவே காலையில் கடை திறந்தவுடன் அட்டையை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் செல்லும் பாதை

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008 இல் இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தை அமைத்தன. இக்கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியதே யூ.பி.ஐ. என்னும் முறை. இதனை ஓர் அஞ்சல் நிலையத்துக்கு ஒப்பிடலாம். வாடிக்கையாளர் தொகையையும் இரகசிய எண்ணையும் பதிந்தவுடன், அச்செய்தி பூட்டிய கடிதமாக இந்நிலையத்தை அடைகிறது. நிலையம் முதலில் பெறுபவரின் முகவரி எந்த வங்கிக் கணக்குக்கு உரியது என்று கண்டறிகிறது. பின்பு வாடிக்கையாளரின் வங்கிக்கு, "இவர் கணக்கில் நாற்பது ரூபாயைக் கழியுங்கள்" என்கிறது. இரகசிய எண் சரிதானா என்று பார்ப்பது அந்த வங்கியே. கழித்த செய்தி வந்ததும் அம்மாவின் வங்கிக்கு, "நாற்பது ரூபாயை வரவு வையுங்கள்" என்கிறது. இத்தனையும் பெரும்பாலும் ஒரு கரண்டி மாவை ஊற்றும் நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

இதில் ரூபாய் நோட்டு எதுவும் நகரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வங்கிகளின் பேரேடுகளில் இரண்டு எண்கள் மாறின, அவ்வளவே. வங்கிகள் தமக்குள் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை, நாளில் பலமுறை மொத்தமாகக் கூட்டிக் கழித்து ரிசர்வ் வங்கியில் உள்ள தங்கள் கணக்குகள் வழியே தீர்த்துக்கொள்கின்றன. இவ்வாறு நாடு முழுவதும் நடந்த பரிமாற்றங்கள் 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடியைத் தாண்டின. 2025 ஆகஸ்டில் இரண்டாயிரம் கோடியைத் தாண்டின.

முதலை வாயில் சிக்கிய பணம்

சில வேளைகளில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்துவிடும். கடைக் கணக்கில் ஏறாது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டதாகக் கூறப்படும் ஊர் நம் அவிநாசி. இந்தப் பணத்தை மீட்கப் பாட வேண்டியதில்லை, விதியே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனி நபருக்கு அனுப்பிய தொகை சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்திய தொகைக்கு உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாள்களுக்குள்ளும், தானாகவே திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இதை அறியாமல் வாடிக்கையாளரோடு சண்டையிடுவோர் பலர்.

பேசும் பெட்டி

இப்போது வெட்கத்தோடு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அட்டை ஒட்டிய இரண்டாம் மாதம், ஓர் இளைஞர் முப்பது இட்லி பார்சல் வாங்கினார். "போட்டுட்டேனுங்க அக்கா" என்று பச்சை நிறக் குறியுள்ள திரையைக் காட்டிவிட்டுப் போனார். மாலையில் நான் கணக்கைப் பார்த்தபோது 240 ரூபாய் வரவில்லை. அவர் காட்டியது போலிப் படம். எனக்குக் கோபம் அம்மா மீதே வந்தது. "பாத்து வாங்கக் கூடாதாம்மா?" என்று கத்தினேன். அம்மா இட்லித் துணியைப் பிழிந்தபடியே, "எனக்கு எழுத்துத் தெரிஞ்சா உன்னைய எதுக்குக் கண்ணு கேக்கறேன்?" என்றார்.

கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவரிடம், படித்தால்தான் விளங்கும் கருவியைக் கொடுத்துவிட்டு, ஏமாந்தது அவர் குற்றம் என்றேன். ஏமாற்றியவரை அடுத்து, குற்றம் என்னுடையது.

அந்த வாரமே மாத வாடகைக்குப் பேசும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தோம். அதனுள் இருப்பவை ஒரு சிம் அட்டை, ஒரு மின்கலம், ஓர் ஒலிபெருக்கி, சிறு கணிப்பான் ஆகியவையே. பணம் வரவானதும், சேவை நிறுவனத்தின் கணினி அத்தொகையைச் செல்பேசி அலை வழியே பெட்டிக்குத் தெரிவிக்கிறது. பெட்டி அதைத் தமிழில் சொல்கிறது. வாடிக்கையாளரின் திரையை நம்ப வேண்டிய நிலை மாறியது. அம்மாவுக்கு என் கண் தேவைப்படவில்லை. அவருடைய காதே போதுமானதாயிற்று.

ஆயினும் பெட்டிக்கும் குறை உண்டு. சித்திரைத் தேர்த் திருவிழா நாளில் கூட்டம் மிகுந்து அலைவரிசை திணறியபோது அது ஊமையாகிவிட்டது. பின்பு ஒரு கணத்தில் ஏழெட்டுத் தொகைகளை வரிசையாக ஒப்பித்தது. அன்று அம்மா ரொக்கத்தையே கேட்டு வாங்கினார். எந்தக் கருவியையும் முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதை எனக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

தோட்டத்தில் ஓர் உறவினன்

இப்பெட்டிக்கு நம் கொங்குத் தோட்டங்களில் மூத்த உறவினன் ஒருவன் உண்டு. அவன்தான் செல்போன் ஸ்டார்ட்டர். என் மாமா, நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச்சுடன் கிணற்றுக்கு நடப்பார்; பாம்புக்கு அஞ்சியபடியே நடப்பார். இப்போது படுக்கையிலிருந்தே ஸ்டார்ட்டரிலுள்ள சிம் எண்ணை அழைத்து 1 என்னும் விசையை அழுத்துகிறார். அவ்விசை 697, 1209 ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்புகிறது. ஒவ்வொரு விசைக்கும் இவ்வாறு தனித்தனி ஒலி இணை உண்டு. பெட்டி அந்த இணையை இனங்கண்டு மோட்டாரை ஓட்டுகிறது. 1963 இல் அமெரிக்கத் தொலைபேசிகளுக்காக வந்த முறை, இன்று நம் ஊர்க் கிணற்றில் நீர் இறைக்கிறது!

முடிவுரை

நண்பர்களே! இக்கருவிகளை நம் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் நாமே. சேர்ப்பதோடு நம் கடமை முடிவதில்லை. மூன்று செய்திகளையேனும் வீட்டாருக்குப் புரியும்படி சொல்வோம். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. யாராவது கேட்டால் அது மோசடி. பிறர் காட்டும் திரை, வரவு ஆகாது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாவாட்டும் கிரைண்டர் அருகே அமர்ந்து, அம்மாவுக்கு விளக்கினேன். இரண்டு பேரேடுகள் என்றதும் அவர் சிரித்துவிட்டார். "அப்படிச் சொல்லு. மளிகைக் கடைக்காரர் நம்ம நோட்டுல எழுதறாரு, அவரு நோட்டுலயும் எழுதறாரு. அதுதானே?" என்றார். அதுவேதான்!

இன்றும் அவர் வெள்ளிக்கிழமை தோறும் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் வரவு பதிந்துகொண்டு வருகிறார். முன்பு அதை என்னிடம் நீட்டுவார். இப்போது கடைசி வரியில் உள்ள எண்ணைத் தாமே படிக்கப் பழகிவிட்டார்.