பழைய வின்ச்சைத் திருத்துமுன்

பழைய கைவின்ச்சை வாங்கி, வீடு கட்ட கல்லும் சீமெந்தும் தூக்கலாமா என்று சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். தூக்கலாம். ஆனால் பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரித்தான் தெரியும். உயிரைத் தாங்குவது கம்பிக் கயிறு. அதைத்தான் நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வோம்.

பாரமில்லாதபோது துணியைச் சுற்றி மெதுவாக இழுங்கள். இழை அறுந்த இடத்தில் துணி சிக்கும். வெறுங்கை என்றால் கிழியும். 10 மில்லிமீற்றர் கயிறு 9 ஆகத் தேய்ந்திருந்தாலோ, உள்ளே துரு ஏறியிருந்தாலோ, மடங்கி முறுக்கு விழுந்திருந்தாலோ கழித்துவிடுங்கள். கிரீஸ் பூசினா சரியாயிடும் என்பது வீண்பேச்சு.

கொக்கி அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகும் உருளையில் 3 சுற்றாவது மிஞ்ச வேண்டும். பல்சக்கரத்தைத் தடுக்கும் நாக்கையும் பாருங்கள். அது தேய்ந்து நழுவினால் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று கையை உடைக்கும். தொங்கும் பாரத்துக்குக் கீழே பிள்ளைகளை விடாதீர்கள். ஆளை இதில் தூக்கவே கூடாது.